புள்ளிக் கோடு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் பிராகாரத்தில் சுற்றிலும் சிறு சிறு சந்நிதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பல்லவர் காலத்து ஓவியங்கள் எஞ்சியிருப்பதை 1931-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். முழுச் சித்திரம் இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். இங்கே ஒரு முகம், அங்கே ஒரு கை, நடுவில் வெறும் சுவர்.

இதைப் பார்த்துப் படி எடுக்க உட்காரும் சித்திரக்காரனை நினைத்துப் பாருங்கள். தேர்ந்த கை. ஒரு கண்ணைக் கண்டால் மறு கண் எங்கே இருந்திருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். போட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ராஜசிம்ம பல்லவனா எழுந்து வருவான்?

ஆனால் போடக் கூடாது. தொல்பொருள்களை வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கண்டதற்கு முழுக் கோடு, ஊகித்ததற்குப் புள்ளிக் கோடு. பானையின் விளிம்புத் துண்டு ஒன்று கிடைத்தால், அதன் வளைவைக் கொண்டு வாய் எத்தனை அகலம் என்று கணக்கிடலாம். அடிப்பாகம் உருண்டையா, தட்டையா என்று அந்தத் துண்டு சொல்லாது. அங்கே புள்ளிதான், அல்லது வெறும் தாள். சரித்திரப் படங்களிலும் இதே சங்கடம்தான். பல்லவ ராஜ்யத்தின் எல்லை என்று தடித்த கோடு ஒன்றை இழுத்துவிட்டால், அங்கே வேலி போட்டிருந்ததாகவே பள்ளிக்கூடத்துப் பையன் நம்புவான்.

இதே கோயிலில் மணற்கல் சிற்பங்கள் அரித்துப்போக, பின்னால் வந்தவர்கள் சுதை பூசி மூக்கும் முழியும் வைத்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கும்பிட வருகிறவனுக்கு மூக்கில்லாத சாமியையா காட்டுவது? ஒட்டுப் போட்டதில் தப்பில்லை. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் மறைத்ததில்தான் தப்பு என்பது என் அபிப்பிராயம்.

கதை எழுதுகிறவன் பாடு இன்னும் மோசம். மறு கண்ணைப் போடுவதே எங்கள் பிழைப்பு. ஆயனரும் சிவகாமியும் கல்கியின் கற்பனை. ஆனாலும் சிவகாமி வாழ்ந்தவள் என்று நம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கைலாசநாதர் கோயில் முன்வரிசைச் சிறு கோயில்களில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை என்ற ராணி. அவளைப் பற்றித் தொடர்கதை எழுதச் சொல்லி ஒரு நண்பர் நச்சரிக்கிறார். கல்வெட்டு தருவது அவள் பேரும் கொஞ்சம் புகழுரையும்தான். மிச்சம் முந்நூறு பக்கமும் என் தலையில். கதையில் புள்ளிக் கோட்டை எங்கே போடுவது என்று கேட்டேன்.

"முன்னுரையில் போட்டுவிடுங்கள்" என்கிறார்.

முன்னுரையை யார் படிக்கிறார்கள்?