புல்லை வெட்டுதல் ஹிம்சையாகுமா?

பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துரைக்கும் விநய பிடகத்தில், மழைக்காலத்தில் பிக்ஷுக்கள் ஓரிடத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்னும் நியமம் ஏற்பட்ட காரணம் கூறப்பட்டிருக்கிறது. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஊர் ஊராகத் திரிந்த பிக்ஷுக்கள் அப்போதுதான் துளிர்த்த பசும்புல்லை மிதித்து நசுக்குவதைக் கண்ட ஜனங்கள், ஓரறிவு உயிர்களுக்கு இவ்வாறு துன்பம் இழைப்பவர்கள் துறவிகளாவது எப்படி என்று குறைகூறினார்களாம். அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டே புத்தர் பெருமான் வர்ஷாகால வாசத்தை விதித்தார். புல்லுக்காக வாதாடிய அந்த ஜனங்கள் சாதாரண இல்லறத்தார் என்பதை எண்ணும்போது என் உள்ளம் நெகிழ்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் பரிச உணர்வாகிய ஓரறிவு உண்டென்று தொல்காப்பியரும் மரபியலில் வகுத்துச் சொல்லியிருக்கிறார். ஆதலால், வீட்டு முற்றத்தில் புல்தரை அமைத்து, அதை அடிக்கடி வெட்டிச் சமன்செய்து பார்த்து மகிழ்கிறவன் ஒரு கேள்விக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவனாகிறான்: கண்ணுக்கு அழகு வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை ஓயாமல் வெட்டிக்கொண்டிருப்பது தர்மமாகுமா?

இக்கேள்வியை மற்றெவரினும் நுட்பமாக ஆராய்ந்தவர்கள் ஜைனப் பெரியோர்கள். அஹிம்சையைக் கடுமையாக வற்புறுத்திய அவர்களே, இல்லறத்தானால் முற்றிலும் ஹிம்சையின்றி வாழ இயலாது என்பதையும் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். வருத்த வேண்டுமென்ற எண்ணத்துடனேயே செய்யும் சங்கல்ப ஹிம்சை, சமைத்தல் பெருக்குதல் முதலிய வீட்டுக் காரியங்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை, ஜீவனத்துக்கான தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது நேரும் விரோத ஹிம்சை என நான்காகப் பகுத்து, முதலாவதை இல்லறத்தான் அறவே விடவேண்டும், ஏனைய மூன்றை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தொண்டை மண்டலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்து வரும் தமிழ் ஜைனர்களுடைய வாழ்க்கைக்கு இந்தப் பகுப்பே ஆதாரம். கோடை உழவில் அருகை வேரோடு புரட்டி வெயிலில் காயவிடும் உழவன் செய்வது உத்யோக ஹிம்சை. அவன் செயலை ஒரு குடும்பத்தின் சோறு நியாயப்படுத்துகிறது. புல்தரை வைத்திருப்பவனுக்கு அத்தகைய நியாயம் எங்கே இருக்கிறது? ஸமந்தபத்ராசாரியார் இயற்றிய ரத்னகரண்டக சிராவகாசாரம் இன்னும் ஒருபடி சென்று, பயனின்றி மண்ணைக் கிளறுவதையும், நீரைச் சிந்துவதையும், செடிகொடிகளை அறுப்பதையும் அநர்த்த தண்டம், அதாவது வீண் செயலால் விளையும் ஹிம்சை, என்னும் தலைப்பின்கீழ் விலக்குகிறது. கிளறுதல், நீர் விடுதல், அறுத்தல் என்னும் இம்மூன்றுமே அல்லவா புல்தரை வளர்ப்பவனுடைய முழு வேலை!

குற்றச்சாட்டு வலிமையுடையதுதான். ஆயினும் புல்லின் இயல்பை ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. மரத்தின் கிளை வளர்வது நுனியில். அந்த நுனியைக் கிள்ளிவிட்டால் அதன் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடுகிறது. புல்லுக்கோ வளரும் இடம் மண்ணை ஒட்டிய அடிக்கணுவிலும் இலையின் அடிப்புறத்திலும் அமைந்திருக்கிறது. ஆகவே, ஆடு கடித்தாலும் அரிவாள் அறுத்தாலும் போவது இலையின் மேற்பகுதியேயன்றி உயிர்நிலை அன்று. மேயும் பிராணிகளோடு யுகயுகமாக வாழ்ந்து அது பெற்ற வரம் இது. நம் நாட்டுப் புல்தரைகளில் பெரும்பாலும் பரவியிருக்கும் அருகு, அனலாசுரனை விழுங்கிய விநாயகப் பெருமானின் உடல் வெப்பம் தணிய முனிவர்கள் 21 இதழ்களாகச் சாத்தினார்கள் என்று புராணம் போற்றும் அதே அருகு, தரைக்கு மேலும் கீழும் தண்டுகளை ஓடவிட்டுக் கணுவுக்குக் கணு வேரூன்றும் தன்மையது. மணமக்களை வாழ்த்தும் பெரியோர்கள் அதைச் சொல்லியே வாழ்த்துகிறார்கள். அதனை வெட்டாமலே விட்டுவிட்டால் தண்டின்மேல் தண்டு படர்ந்து, காய்ந்த சருகு திரண்டு, காற்றும் நீரும் மண்ணுக்குள் இறங்காமல் தடைப்பட, வெயிலையே விரும்பும் அந்தப் புல் தன் நிழலில் தானே நலிகிறது. அளவறிந்து வெட்டினாலோ அடிவரையில் வெளிச்சம் புகுந்து, கணுக்களில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துப் புதிய கிளைகள் புறப்படுகின்றன.

அளவறிந்து என்றேன், இந்த விஷயத்தில் தர்மம் முழுவதும் அந்த அளவிலேதான் அடங்கியிருக்கிறது. ஒரு முறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்பது தோட்டக்கலை வல்லோர் கண்ட விதி. 3 அங்குலம் வளர்ந்திருந்தால் 2 அங்குலத்தை விட்டுவிட வேண்டும். இலையிலேதான் புல்லின் உணவு உண்டாகிறதாதலால், ஆசை மிகுந்து அடிவரை வழித்துவிட்டால் வேர்களின் வளர்ச்சி நின்று, சேமித்து வைத்த சத்தெல்லாம் புது இலை விடுவதிலேயே செலவாகிறது. புல் மெலிந்து வெறுமையான இடத்தில் கோரை குடியேறுகிறது. எந்த எல்லைவரை நம் கை செல்லலாம் என்பதை அந்த உயிரே தன் உடம்பில் எழுதிவைத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி. நீரும் அப்படித்தான்: தினந்தோறும் மேலாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவது வேரைக் கீழே இறங்கச் செய்யும்.

இருந்தபோதிலும், ஓர் உயிர் தாங்கிக்கொள்கிறது என்ற காரணத்தால் மட்டும் அதை வெட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. பயன் என்ன என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தை முன்மாதிரியாகக் கொண்டு, புல் வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதற்கு முன்னே அந்நாட்டு மாளிகைகளின் புல்வெளிகளை ஆடுகளும் நீண்ட அரிவாள்களுமே சீர்செய்து வந்தன. ஆடு மேய்ந்த காலத்தில் அறுபட்ட புல் உடனே மற்றோர் உயிருக்கு ஆகாரமாயிற்று. இயந்திரம் வந்தபின் அறுபடுவது குப்பையாயிற்று. பசுவுக்கு ஒரு வாய் இரை கொடுப்பதை எவருக்கும் எளிதான அறங்களுள் ஒன்றாக எண்ணிய திருமூலர் வாழ்ந்த நாட்டில், மருந்து படாத நல்ல அருகைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதை நான் அதர்மம் என்றே சொல்லுவேன்.

அதைவிடக் கொடியது, தரை முழுவதும் ஒரே நிறமாக, ஒரே இனமாக இருக்க வேண்டும் என்னும் மோகம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தின் புல்வெளியில் 1856ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் நடந்துவரும் பரிசோதனையில், உரமிடாத பாத்திகளில் பலவகைச் செடிகள் கூடி வாழ, சுண்ணாம்பு சேர்க்காமல் அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் இட்டு வந்த பாத்திகளில் இரண்டு மூன்று வகைப் புற்களைத் தவிர மற்றவை மறைந்துபோயின. அங்கே விவசாய அறிவுக்காகக் கண்டறிந்த உண்மை அது. நம் வீடுகளிலோ அழகின் பெயரால் அதையே விரும்பி, கீழாநெல்லிக்கும் அம்மான் பச்சரிசிக்கும் நஞ்சு தெளிக்கிறோம். குழந்தையின் காலில் தைக்கும் நெருஞ்சியைப் பிடுங்குவது விரோத ஹிம்சை; அதை மன்னிக்கலாம். யாருக்கும் தீங்கு செய்யாத கீழாநெல்லி நம் கண்ணுக்கு ஒவ்வவில்லை என்பதற்காக அதை அழிப்பது சங்கல்ப ஹிம்சையேயாகும். அவ்வளவும் செய்தபின் புல்லின்மேல் நடக்கக்கூடாது என்று ஒரு பலகையும் நட்டுவிட்டால், அந்தத் தரையால் எவருக்கு என்ன பயன்? ஸமந்தபத்ராசாரியார் விலக்கிய வீண் செயலுக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, வெட்டுதல் என்னும் செயல் மட்டுமே ஹிம்சையாகிவிடாது. அளவு தவறும்போதும், பயன் அற்றுப்போகும்போதும் அது ஹிம்சையாகிறது என்பதே என் முடிவு. புல்தரை வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். சித்திரை வெயிலில் கிணறு வற்றும்போது, பக்கத்து வீட்டார் குடத்தோடு காத்திருக்க, உங்கள் புல்லுக்கு நீர் பாய்ச்சாதீர்கள். அருகு பழுத்துக் காய்ந்ததுபோல் கிடந்தாலும் மண்ணுக்குள் உயிரோடிருந்து முதல் மழைக்குத் தழைத்துவிடும். வெட்டிய புல்லைப் பசுவுக்குக் கொடுங்கள். பசு இல்லாவிட்டால் மண்ணுக்கே எருவாக விடுங்கள். தெருக் குழந்தைகள் வந்து விளையாடக் கதவைத் திறந்து வையுங்கள்.