மாருத் வேஷம்

ரியல்ஃபிளைட் என்கிற ரேடியோ கன்ட்ரோல் சிமுலேட்டரில் ஒரு விமானத்தைத் திறந்து உள்ளே கை வைத்தால், அது ஒரு விமானம் இல்லை, இரண்டு என்று தெரியும். கண்ணுக்குத் தெரிகிற உடம்பு ஓரிடத்தில்: முப்பரிமாண வடிவம், அதன்மேல் ஒட்டிய வண்ணப் படம். பறக்கிற சுபாவம் வேறிடத்தில், வெறும் எண்களாக: எடை எவ்வளவு, இறக்கை எத்தனை அகலம், சி.ஜி. எனும் எடை மையம் எங்கே விழுகிறது, எஞ்சின் எவ்வளவு தள்ளும், எலெவேட்டர் எத்தனை டிகிரி அசையும். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. தெர்மாக்கோல் கிளைடரின் எண்கள் மேல் ஜம்போ ஜெட்டின் உடம்பைப் போர்த்தினால், ஜம்போ ஜெட் காகிதம் மாதிரி மிதக்கும். சிமுலேட்டர் ஆட்சேபிக்காது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். உத்தியோகம் முழுக்கப் பெங்களூரில், ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில். பால்சா கட்டையை அறுத்து விமானம் கட்டி மைதானத்தில் பறக்கவிட்ட காலம் போய்விட்டது. விழுந்து நொறுங்கினதைப் பொறுக்கப் புதருக்குள் குனிய முட்டி ஒத்துழைப்பதில்லை. தம்பி பிள்ளை சிமுலேட்டர் போட்டுக்கொடுத்தான். பழைய டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் செருகி, கட்டை விரல்களுக்கு மட்டும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொழுதுபோக்குக்குள் தத்துவம் எங்கிருந்து வந்தது என்றால், மாருத்தால் வந்தது. எச்.எஃப்.-24 மாருத் என்ற போர் விமானம். ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க், பெங்களூர் எச்.ஏ.எல்.லில் உட்கார்ந்து வரைந்தது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக வானில் ஏற்றினார். பழைய ஏர்போர்ட் பக்கம் அவர் பெயரில் சாலை இருக்கிறது; பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்களில் அது யார் என்று தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு அந்த விமானத்தின் மேல் ஒரு தீராத பாசம். அதன் மூக்கைப் போல ஒரு கோடு இழுக்க டிராயிங் ஆபீஸ்காரன் எவனும் ஆசைப்படுவான்.

சிமுலேட்டருக்கு ஆர்வலர்கள் தாங்களே செய்து இலவசமாகக் கொடுக்கும் விமானங்கள் ஏராளம். தேடிப் பிடித்ததில் ஒரு மாருத் கிடைத்தது. உடம்பு அருமை. பக்கவாட்டுக் காற்று வாய்கள், பின்னால் சாய்ந்த இறக்கை, வாலில் மூவர்ணம், எல்லாம் சரி. ஏற்றினேன். ஓடுபாதையில் பத்தடி உருண்டதுமே எழும்பிவிட்டது. செங்குத்தாக ஏறியது. வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிப் பிடித்தால், விழாமல் சமர்த்தாக மிதந்தது. செய்தவர் உடம்பை உழைத்துச் செய்துவிட்டு, அடியில் ஏதோ ஒரு பயிற்சி ஜெட்டின் எண்களை அப்படியே விட்டிருக்கிறார். பின்னால் நின்று பார்த்த தம்பி பிள்ளை சொன்னான்: "பெரியப்பா, இது மாருத் இல்லை. மாருத் வேஷம் போட்ட ட்ரெயினர்."

வேஷம் என்று அவன் சொன்னது என்னை உறுத்தியது. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து உற்சவத்தின் கடைசி நாளில் உற்சவர் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுவார். பெண் கோலம், பெண்ணுக்குரிய ஆபரணம். அன்றைக்குச் சேவிக்கிற ஒருவராவது "இது பெருமாள் இல்லை" என்று சொல்வார்களா? அங்கே வேஷம் ஆளை மாற்றவில்லை. இங்கே மாருத்தின் வேஷம் ட்ரெயினரை மாருத் ஆக்கவில்லை. இரண்டும் ஒரே நியாயம்தான்: உருவத்தில் ஆள் இல்லை. அப்படியானால் எதில் இருக்கிறது?

தர்க்கம் படித்தவர்களிடம் கேட்டால் திரவியம், குணம் என்று ஆரம்பிப்பார்கள். அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் குணங்களை இருபத்து நான்காக எண்ணுகிறது. அதில் குருத்வம், அதாவது எடை, ஒன்று. சம்ஸ்காரம் என்ற குணத்தின் ஒரு வகையாக வேகமும் வருகிறது. சிமுலேட்டரின் எடிட்டரைப் பார்த்திருந்தால் அன்னம்பட்டர் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார். ஆனால் அதே பட்டியலில் முதலாவது ரூபம், நிறம். நிறமும் எடையும் அவருக்குச் சமமான குணங்கள். இரண்டும் ஏதோ ஒரு திரவியத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் கணினியில் அந்தத் திரவியத்தைத் தேடினால் காணோம். எண்களும் படமும் போக மிச்சம் ஒன்றுமில்லை. பௌத்தர் வந்தால், "அதைத்தானே நாங்கள் சொன்னோம்! அச்சும் சக்கரமும் நுகத்தடியும் போக ரதம் என்று தனியாக ஏது?" என்று மிலிந்த அரசனிடம் நாகசேனர் என்ற பிக்கு கேட்டதை எடுத்துப் போடுவார். அவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. திரவியம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். எனக்கு முக்கியம், நிறமும் எடையும் ஒரே வரிசையில் நிற்க முடியுமா என்பதுதான்.

முடியாது என்று சிமுலேட்டரே சொல்கிறது. வண்ணத்தை மாற்றிச் சேமித்தால், அதே விமானத்துக்குக் கீழே இன்னொரு சாயமாக அடுக்கிக்கொள்ளும். எண்களில் கை வைத்தால், கூடவே வருகிற மூல விமானத்தின்மேல் எழுத விடாது. புதுப் பெயர் கேட்கும். சிமுலேட்டரை எழுதிய அமெரிக்கர்கள் வைணவம் வாசித்திருக்க மாட்டார்கள். ஆனால் வைணவம் சொல்வதும் அதையேதான். அர்ச்சாவதாரத்தில், அதாவது கோயில் விக்கிரகமாக இருக்கையில், பகவான் அர்ச்சகருக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நீராட்டினால் நீராட்டம், சாத்தினால் சாத்துப்படி, திரை போட்டால் ஏகாந்தம். உருவம் அடியாரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. முத்தங்கியா ரத்னாங்கியா என்பதை நாம் தீர்மானிக்கலாம். குணங்கள் அப்படியில்லை. ஞானம், பலம், ஐஸ்வரியம், வீரியம், சக்தி, தேஜஸ் என்று அடுக்குகிற கல்யாண குணங்களில் ஒன்றையாவது "எனக்கு இது கொஞ்சம் குறைவாக இருந்தால் தேவலை" என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பாலாலயத்தின்போது நடப்பது இதன் மறுபக்கம். சக்தியைக் கும்பத்துக்கு எழுந்தருளப் பண்ணிவிட்டு மூலஸ்தானத்தில் திருப்பணி நடக்கும். உருவம் நின்ற இடத்திலேயே நிற்கும். பூஜை கும்பம் இருக்கும் இடத்தில்.

விமானமும் கடவுளும் ஒன்றா என்று கேட்பீர்கள். விமானம் மனிதன் செய்தது, அதன் குணத்தை மனிதன் மாற்றினால் யார் தடுப்பது? யாரும் தடுக்கவில்லை. நான் மாற்றித்தான் வந்திருக்கிறேன். பொடிப் பயல்களுக்கான ட்ரெயினர், பழைய பாணி 'ஸ்டிக்' ரக விமானம், ஒரு ஜெட் என்று கையில் வந்ததையெல்லாம் எனக்கு வசதியாகத் திருத்தினேன். சி.ஜி.யைச் சற்று முன்னால் தள்ளு, எஞ்சினைக் கூட்டு, ஸ்டால் ஆகிற இடத்தில் மழுப்பு. கொஞ்ச நாளில் எல்லாம் ஒன்றுபோலப் பறந்தன. உடம்பை மறைத்துவிட்டுப் பறக்கவிட்டால் எது எதுவென்று சொல்ல முடியாது. அவற்றில் மிச்சமிருந்தது என் கட்டை விரலின் பழக்கம் மட்டும். சன்னிதி சன்னிதியாகப் போய் எல்லா இடத்திலும் "சரி, ஆகட்டும்" என்று தலையாட்டுகிற ஒரே தெய்வத்தைச் சேவித்துவிட்டு வருகிறவர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களை நான் கேலி செய்யவில்லை. சேவார்த்தி வரிசையில் நானும் நின்றவன்.

ஆகவே மாருத்தை ஒழுங்காகச் செய்வது என்று உட்கார்ந்தேன். எட்டில் ஒரு பங்கு அளவு. ஒன்பது மீட்டர் இறக்கை ஒரு மீட்டர் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகும். எடை அப்படிக் குறையாது. எட்டின் கனத்தால், 512-ஆல் வகுக்க வேண்டும். புறப்படும்போது ஏறக்குறைய 9,000 கிலோ இருந்த விமானம் பதினேழரை கிலோ ஆகும். மாதிரி விமானம் கட்டுகிறவன் இதைப் பார்த்தால் பயந்து பாதியாக்கிவிடுவான், வாலைக் கொஞ்சம் பெரிதாக்குவான். காற்றைச் சிறிதாக்க முடியாதே. நான் குறைக்கவில்லை. மாருத்தின் இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களில் ஒன்றின் தள்ளுவிசை 4,850 பவுண்டு. 512-ஆல் வகுத்தால் சுமார் 4.3 கிலோ. இரண்டும் சேர்ந்து 8.6. தன் எடையில் பாதிதான்.

ஓடுபாதை முடியப் போகிறதே என்று வயிறு கலங்கும் நேரத்தில் எழும்புகிறது. இறங்கும்போது மூக்கை ஒரு நூல் அதிகம் தூக்கினால் இடது இறக்கை சரிகிறது. சரிந்ததைப் பிடிக்க ஏலரான் கொடுத்தால் இன்னும் சரிகிறது. பிடிவாதம். ஆனால் இப்போது அந்த உடம்புக்குள் யாரோ இருக்கிறார்கள்.

இங்கேதான் ஆசை வந்தது. டாங்க் கணக்குப் போட்டது இந்த எஞ்சினுக்கு இல்லை. ஆஃப்டர்பர்னரோடு 8,170 பவுண்டு தள்ளும் ஆர்ஃபியஸ் 12-ஐ நம்பி அவர் வரைந்தார். அதை உருவாக்கும் செலவை ஏற்க ஆள் இல்லை, எஞ்சின் வரவில்லை. ஒலியின் இருமடங்கு வேகத்துக்குப் பிறந்த விமானம் ஒலியைக்கூட கிடைமட்டப் பறத்தலில் தாண்டாமல், 147 எண்ணிக்கையில் கட்டப்பட்டு ஓய்ந்தது. உடம்பு ஒன்றுக்கு, உயிர் வேறொன்றுக்கு என்ற கதை மாருத்துக்கு என் கணினிக்கு வருமுன்பே நடந்தது. இன்னும் ஒன்று: 1959-இல், எஞ்சினே இல்லாமல் அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, டக்கோட்டாவின் பின்னால் கட்டி இழுத்து, சுபாவத்தை மட்டும் பரீட்சித்தார்கள். அன்றைய சிமுலேட்டர் அது.

நான் 4.3-ஐ அழித்து 7.2 என்று தட்டினால் போதும். ஒரு நொடி வேலை. 1970 ஜனவரியில் ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத்தைப் பரீட்சிக்க ஏறிய சுரஞ்சன் தாஸ், புறப்படும்போதே விழுந்து இறந்தார். எண்ணைத் தட்டுவதற்கு முன் விரல் கொஞ்சம் தயங்கியது. தட்டினேன். கம்பீரமாக ஏறியது, டாங்க் பார்த்திருக்க வேண்டும்.

சேமிக்கப் போனால் பெயர் கேட்டது. "மாருத் 2-ன்னு போடுங்கோ" என்றான் தம்பி பிள்ளை. போடவில்லை. நடந்ததும் நடக்காததும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. 'டாங்க்' என்று அடித்தேன். "அது வரைஞ்சவர் பேர், விமானத்தோட பேர் இல்லையே" என்கிறான். நடக்காதது வரைந்தவரிடம்தான் இருக்கும், வேறு எங்கே இருக்கும் என்று கேட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.