ஆறு இல்லாத அட்டவணை

இறுதியாண்டு புராஜெக்ட் வைவா. ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருமா என்று கணிக்கும் மென்பொருளைச் செய்திருந்தாள் அந்த மாணவி. தரவு அட்டவணையைத் திரையில் ஓட்டியபோது நிறுத்தச் சொன்னேன். ஒரு பெண்ணின் ரத்த அழுத்தம் 0 என்று இருந்தது.

"உயிரோட இருக்கிறவங்களுக்கு எப்படிம்மா பூஜ்ஜியம் வரும்?"

"அது அளக்காம விட்டது மேடம். சராசரியைப் போட்டு நிரப்பிட்டேன்."

சரியான பதில். மதிப்பெண் போட்டேன். "இவங்கல்லாம் யாரு?" என்றேன். தெரியவில்லை. மாணவியாக இருந்தபோது இதே தரவை வைத்து நானும் புராஜெக்ட் செய்தேன். அன்று எனக்கும் தெரியாது.

அவர்கள் 768 பெண்கள். எல்லோரும் 21 வயது நிறைந்தவர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினர். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் 1965 முதல் அவர்களிடையே சர்க்கரை நோயை ஆராய்ந்துவந்தது. அந்தத் தரவில் ஒரு பகுதி 1988இல் கணினி ஆய்வொன்றில் பயன்பட்டது. பின்னர் பொதுவில் வைக்கப்பட்டு, உலகெங்கும் இயந்திரக் கற்றல் படிப்பவர்களின் பயிற்சித் தரவாகிவிட்டது.

பிமா மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயருக்கு 'ஆற்று மக்கள்' என்று பொருள். ஹீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலே குடியேறியவர்கள் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பிறகு அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் அவர்களது உணவாயின. எல்லைக்கு அப்பால், மெக்சிகோவில் பழைய வேளாண்மையோடு வாழும் பிமா மக்களிடம் இந்த நோய் பல மடங்கு குறைவு.

அட்டவணையில் நோயைக் கணிக்க எட்டு விவரங்கள் உண்டு. முதலாவது, அவள் எத்தனை முறை கருவுற்றாள் என்பது. பிறகு குளுக்கோஸ், ரத்த அழுத்தம், தோல் மடிப்பின் தடிமன், இன்சுலின், உடல் எடைக் குறியீடு, குடும்பத்தில் நோய், வயது. ஆறு இல்லை.

"பெயர்தான் இல்லையே, யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்கலாம். பெயரை நீக்குவது அந்தப் பெண்ணைக் காக்கிறது. அது வேண்டும். ஆனால் பெயரோடு அவளுடைய மக்களின் வரலாற்றையும் நீக்கினால் காப்பாற்றப்படுவது அவளல்ல, தண்ணீரை எடுத்துக்கொண்டவர்கள். அட்டவணையில் இல்லாத காரணத்தை இயந்திரம் கண்டுபிடிக்காது. கருப்பையிலும் பரம்பரையிலும் எடையிலும்தான் தேடும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தின்னும் பெண்ணிடம் "உடம்பைப் பார்த்துக்கத் தெரியல" என்று சொல்வதும் இதே கணக்குதான்.

அந்தத் தரவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தங்கள் மக்களை ஏன் இந்த நோய் பிடித்தது என்று அறியும் ஆய்வுக்காக அந்தப் பெண்கள் ரத்தம் கொடுத்தார்கள். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள், அவர்கள் யார், அவர்கள் ஆறு என்ன ஆனது என்று ஒரு பக்கமாவது எழுதக் கடமைப்பட்டவர்கள். ஒரு விடுபட்ட எண்ணைச் சராசரியால் நிரப்பலாம். விடுபட்ட ஆற்றை அப்படி நிரப்ப முடியாது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இதை எழுதினா மார்க் உண்டா மேடம்?" என்றாள்.

மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தேன். துல்லியத்துக்கு இடம் இருந்தது, விளக்கும் திறனுக்கு இருந்தது. இதற்கு இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி.