மூலமாகத்தான் இருக்கும்

ஈப்போவை அடுத்த லகாட் வட்டாரத்தில் புற்றுநோய் என்றால் வயதானவர்கள் முதலில் பேசுவது புக்கிட் மேராவைத்தான். அங்கே 1982இல் ஓடத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊரே எழுந்தது. ஆலையை நிறுத்தச் சொல்லி 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்த மக்கள் போய் மறிக்க ஒரு வாசல் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அப்படி வாசல் கிடையாது. அது வீட்டுக் கழிவறையில், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூசுகிற இடத்தில் தெரிய ஆரம்பிக்கிறது.

இந்த நோய்க்கு அவசரம் இல்லை. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு பிடிக்கும். முளையாக இருக்கும்போதே கண்டால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். மலேசியாவின் 2012–2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களைத் தாக்கும் புற்றுகளில் இதுவே முதலிடம். பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்தது. பத்துப் பேரில் ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் கட்டத்தில் வந்தால் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஐந்தாண்டு கடக்கிறார்கள். நான்காம் கட்டத்தில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. நோய் கொடுத்த பத்தாண்டு எங்கே போனது?

மலத்தில் இரத்தம் கண்டால் நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: “மூலமாகத்தான் இருக்கும். உடம்புச் சூடு.” இளநீர் குடிக்கிறார்கள், காரத்தைக் குறைக்கிறார்கள். சில நாள் இரத்தம் நிற்கிறது, பிறகு வருகிறது. இதை அறியாமை என்று படித்தவர்கள் எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது கணக்காகத் தெரிகிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டானபோது லயத்தைவிட்டு வெளியேறி மலிவு வீடுகளுக்கு வந்தவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலர் இன்று குத்தகைக்காரரிடம் காவலாளி, துப்புரவாளர், லோரி உதவியாள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது. நாள்கூலிக்குப் போகிறவருக்கு அது காகிதத்தில் இருக்கிறது. அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாள் 65 வெள்ளி. ஆக அந்த ஒரு வெள்ளி மருத்துவத்தின் உண்மை விலை 66.

தோட்டத்தில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்து என்று அவரைக் கேலி செய்தாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தார். இப்போது ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது, பேராக்கின் மிகப் பெரிய அரசு மருத்துவமனை. லகாட்டிலிருந்து அது ஒன்றும் எட்டாத தூரமில்லை. எட்டாமல் இருப்பது வேறு. குடலுக்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு முந்தின நாளே கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு பேதி மருந்து குடிக்க வேண்டும். இரவெல்லாம் கழிவறையில்தான். ஏழு பேருக்கு ஒரே கழிவறை உள்ள வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள். மறுநாள் மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக வீடு திரும்ப விடமாட்டார்கள், துணைக்கு ஆள் வேண்டும். ஒருவரின் சோதனைக்கு இருவரின் கூலி போகிறது. தேதியைத் தள்ளிப்போடுகிறவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காசு ஒன்றே தடை என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் மலச்சோதனைப் பொட்டலம் இலவசமாக வீடு தேடி அஞ்சலில் வந்தது. அப்படியும் வசதியான வட்டாரங்களில் 61 விழுக்காட்டினர் மாதிரியைத் திருப்பி அனுப்பியபோது மிக ஏழ்மையான வட்டாரங்களில் 35 விழுக்காட்டினரே அனுப்பினார்கள். இந்த மாதத்துக் கடனை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஐந்தாண்டுக்குப் பிறகு வரப்போகும் நோயை எண்ண இடமில்லை. அவரிடம் போய் நார்ச்சத்து சாப்பிடுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது அறம் ஆகாது. சொன்னவருக்கு அது நிம்மதி, அவ்வளவே.

நோய் உறுதியான பிறகும் இதே கதைதான். ஓர் ஆய்வில் தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் சுமார் 9,500 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். இன்னும் 48 விழுக்காட்டினர் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு இழந்திருந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக மலேசிய அரசு 2019இல் கொண்டுவந்த பெக்கா பி40 திட்டத்தில் புற்றுச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை உண்டு, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை உண்டு. முடிக்கக் காசு கொடுக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் கோயில் கமிட்டிகள் திருவிழாவுக்கு வீடு வீடாக வசூலிக்கின்றன. சாவு வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் மணி நேரத்தில் வந்துவிடும், அதில் நாம் குறை வைப்பதில்லை. அதே கமிட்டி, ஐம்பது தாண்டியவர்களின் பெயரை எழுதிவைத்து, கிளினிக்கில் மலச்சோதனைக்கு அனுப்பலாம். முடிவு சரியில்லாதவருக்கு ஈப்போ போக ஒரு காரும், அன்றைக்கு வேலை இல்லாத ஒரு பையனும், இரண்டு நாள் கூலியும் ஏற்பாடு செய்யலாம். ஒருவருக்கு இருநூறு வெள்ளிக்குள் முடிகிற காரியம்.