காவலும் பூட்டும்

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் தோழி, சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். அவள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னையில் கல்லூரி இடம் கிடைத்தும் அனுப்பத் தாய்க்கு மனமில்லை. "வயசுப் பொண்ணு. தினமும் ரயில்ல போயிட்டு வரணும். காலம் கெட்டுக் கெடக்குக்கா" என்றாள். மகள் கேட்டாளாம்: "நீ ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போறியே, உனக்கு மட்டும் காலம் கெடலையாம்மா?" அதன்பிறகு மகள் பேசுவதில்லை. தட்டைத் தள்ளிவிடுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, நீ வந்து பேசிப் பாரு" என்று தோழி என்னை அழைத்தாள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தபோது மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதிய 'எஸ்கேப்' நாவல் நினைவுக்கு வந்தது. 2008இல் வெளியானது. பெண்களையெல்லாம் அழித்துவிட்ட ஒரு நாடு. குளோனிங் வந்துவிட்டதால் பெண்ணே தேவையில்லை என்று ஆட்சியாளர்கள் முடிவுகட்டியிருக்கிறார்கள். அங்கே மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறுமியை அவளுடைய மாமன்மார் மூவர் ஒளித்து வளர்க்கிறார்கள். அவள் பருவமடைவதை மருந்து கொடுத்துத் தள்ளிப்போடுகிறார்கள். ஒளித்துவைப்பது இனி முடியாது என்றானதும், இளைய மாமன் அவளுக்கு ஆண் வேடமிட்டு நாட்டைவிட்டு வெளியே அழைத்துச் செல்கிறார்.

அந்த மாமன்மார் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் இல்லையென்றால் மெய்ஜி உயிரோடு இருந்திருக்கமாட்டாள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கொடுமைக்காரரை எதிர்ப்பதற்கு நமக்குச் சொற்கள் உண்டு. அன்பினால் நம் வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொள்பவரை என்ன சொல்லி எதிர்ப்பது?

மெய்ஜியை ஒளித்துவைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவள் உடலைப் பற்றிய உண்மையை அவளிடமே சொல்லாமல் விட்டதுதான் தவறு. தமிழில் 'மெய்' என்றால் உடல், உண்மை இரண்டும்தான். அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே மறுக்கப்பட்டன. மருந்து நின்று உடல் மாறும்போது, நடப்பதற்குப் பெயர்கூட அவளிடம் இல்லை. அந்தக் குழப்பத்தையும் கோபத்தையும் 'பிரச்சினைக்குரிய பிள்ளை' என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பிரச்சினையை அவளா உண்டாக்கினாள்?

பிள்ளைகளுக்காக யாராவது முடிவெடுக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். மூன்று வயதுக் குழந்தை சாலைக்கு ஓடினால் கையைப் பிடித்து இழுப்போம், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கமாட்டோம். ஆனால் அந்தப் பிடி ஒருநாள் தளரவேண்டும். சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுப்பதும் காவல்தான். என்றைக்கும் கையை விடாத காவலுக்குப் பூட்டு என்றுதான் பெயர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஆபத்து ஓரிடத்திலிருந்து வர, அதற்கான விலையை யார் கொடுப்பது? ரொக்கையா சகாவத் ஹுசைன் இந்தக் கேள்வியை 1905இலேயே கேட்டுவிட்டார். அவருடைய 'சுல்தானாவின் கனவு' முதலில் வெளியானது நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான். அதில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். ஆண்களைப் பூட்டிவைக்கவேண்டும் என்பதல்ல என் வாதம். ஆபத்துக்கு அஞ்சிப் பெண்ணைப் பூட்டுவது எவ்வளவு தலைகீழானது என்பது, கதையைப் புரட்டிப் போட்டால்தான் நமக்குத் தெரிகிறது.

தோழியின் வேலையே இதற்குச் சாட்சி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 66, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யத் தடை விதித்தது. அதுவும் பாதுகாப்பின் பெயரில்தான். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. அத்தோடு விட்டுவிடவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைப்பவர்கள் போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தது. பெண்ணைத் தடுப்பதற்குப் பதில் வழியைச் சரிசெய்யச் சொன்னது. நிபந்தனைகள் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று சொல்லவில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

நான் மகளிடம் பேசவில்லை, தோழியிடம்தான் பேசினேன். "ராத்திரி வேலைக்கு எப்படிப் போற, எங்க பயந்த, என்ன பண்ணின? இதையெல்லாம் அவகிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன். "சொன்னா பயந்துடுவாளேக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சொல்லாததாலதான் எனக்குப் பயமே இல்லன்னு நெனச்சுட்டா போல."

அன்று இரவு ஷிஃப்ட் இல்லை. நான் கிளம்பும்போது அவள் மகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கட்டணம் கட்ட இன்னும் நாள் இருக்கிறது.