வற்றிய கரை யாருக்கு உரியது?

வவுனியா நகரை அடுத்த நெளுக்குளம், தன் பெயரிலேயே ஒரு குளத்தைத் தாங்கி நிற்கும் ஊர். பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம் என அயலூர்களும் அத்தகையனவே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இவ்வுலர் வலயத்தில் ஆற்றங்கரையின் இடத்தைக் குளக்கரையே வகிக்கின்றது. ஆதலால் நடைபாதை, பூங்கா பற்றிய திட்டங்களும் குளத்தையே நாடுகின்றன. மக்களின் இளைப்பாறலுக்காக நீரின் இடத்தைக் கொள்ளுதல் தகுமா என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

இளைப்பாறலை ஆடம்பரமென ஒதுக்கிவிடலாகாது. 2009 வரை போரினால் அல்லலுற்ற மாவட்டமொன்றில், அச்சமின்றி மாலையில் நடந்து திரிய ஓரிடம் வேண்டுமென்பது சிறிய வேட்கையன்று. எனினும் வவுனியாக் குளத்தில் மண் நிரப்பிப் பூங்கா அமைத்தமை 2021 ஆம் ஆண்டையொட்டி மக்களின் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. இப்பிணக்கின் வேர் ஒரு பார்வைக் கோளாறிலேயே உள்ளது. ஆவணியில் வெறுந்தரையாகத் தோன்றும் அலைகரை, மார்கழியில் குளத்தின் வயிறு. அதனை வெற்றுநிலம் என்பது, உரியவன் வெளியே சென்றிருக்கும் வீட்டை ஆளற்ற வீடெனக் கைக்கொள்வதை ஒக்கும். இடம்பெயர்ந்து மீண்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

முன்னோர் அமைத்த குளத்தொடரில் வெற்றிடம் என்பதே இல்லை. நீர்ப்பரப்பின் மேற்புறத்து மரச்செறிவு காற்றைத் தணித்து ஆவியாதலைக் குறைக்கும். புல்வரிசை வண்டலைத் தடுக்கும். கட்டின் கீழுள்ள மரங்கள் வயலை உவரினின்று காக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 இல் இம்முறைமையை உலக வேளாண் மரபாக ஏற்றதும் இதனாலேயே.

அங்ஙனமாயின் வேலியிட்டுக் காப்பதே வழியோ? சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை அடுத்து 58 ஏக்கரில் அமைந்து 2011 இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில், பொதுமக்கள் நுழைவு நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சிதைந்த கழிமுகம் தேறுவதற்கு அது வேண்டியிருக்கலாம். வன்னிக் குளத்துக்கு அது பொருந்தாது. குளிப்போரும் மாடு சாய்ப்போரும் மீன்பிடிப்போரும் அன்றாடம் புழங்குவதாலேயே கட்டின் கசிவு உரிய காலத்தில் கண்ணிற் படுகின்றது.

குளக்கட்டே பழைய நடைபாதை. அதன்மேல் நடக்கலாம், ஓரத்தில் மருதமரம் நிழல் தரலாம். அலைகரைக்குள் பாதை இறங்குதல் கூடாது. நீருக்கும் வயலுக்கும் கால்நடைக்கும் பின்னரே உலாவுவோரின் உரிமை வரும். ஆனால் நகரத்தார் நடக்கும் கட்டைத் திருத்திப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் கமக்காரர் அமைப்புகளின் தோளிலேயே உள்ளது. அவ்வுழைப்பில் உலாவ வருவோரின் பங்கு எதுவென எந்த வரைபடமும் காட்டுவதில்லை.