நேற்றைத் திருத்த இயலுமா?

‘அன்று மட்டும் அவ்வாறு செய்யாதிருந்தால்!’ என்று ஒருமுறையேனும் ஏங்காத நெஞ்சம் உலகில் இல்லை. அவ்வேக்கம் மிகப் பழையது. அதற்கோர் ஊர்தியைக் கற்பனையிலேனும் அமைத்துத் தந்தவர்கள் புதின ஆசிரியர்கள். 1895ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் தம் நூலொன்றில் காலப் பொறியைப் படைத்தார். அவருடைய பயணி பெரிதும் எதிர்காலத்தையே நாடிச் சென்றான். பின்வந்தோருள் பலர் அப்பொறியைச் சென்ற காலத்தை நோக்கித் திருப்பினர். கடந்ததைக் காண்பதோடு அவர்கள் ஆவல் அடங்கவில்லை; அதனைத் திருத்தவும் விழைந்தனர்.

திருத்தல் எளிதா? ரே பிராட்பரி 1952இல் வெளியிட்ட சிறுகதையில், தொல்விலங்கை வேட்டையாடச் சென்ற ஒருவன் கால் பிறழ்ந்து ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்து நோக்குங்கால், சொற்களை எழுதும் முறையும் தேர்தலின் முடிவும் மாறிக் கிடக்கின்றன. ஓரிழையை உருவினால் ஆடை முழுதும் சுருங்குமன்றோ? காலமும் அத்தகைய நெசவே என்பது அக்கதையின் கருத்து.

நம் நாட்டிலும் இவ்வினாவை எழுப்பியவர் உண்டு. வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லீகர் (1938–2025) எழுதிய கதையொன்று, சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பயின்ற பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. புனே நகர வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் விபத்தொன்றின் விளைவாக வேறொரு வரலாற்றினுள் புகுந்துவிடுகிறார். 1761ஆம் ஆண்டு பானிபட் போர்க்களத்தில் பேஷ்வாவின் மைந்தர் விசுவாசராவ் குண்டடிபட்டு மாண்டார் என்பது நாமறிந்த வரலாறு. பேராசிரியர் கண்ட உலகிலோ அக்குண்டு அவரைக் கொல்லாது விலகிச் செல்கிறது, மராத்தியர் வெல்கின்றனர், இந்தியாவின் போக்கே மாறிவிடுகிறது.

தலைநகர்த் தமிழராகிய நமக்குப் பானிபட் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவே. அக்களத்தில் நின்று எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழும். ஒரு குண்டை விலக்கினால் போதுமா? போருக்கு முன்னரே மராத்தியப் பாசறைக்கு உணவு வரும் வழிகள் அடைபட்டிருந்தன. பரத்பூர் மன்னர் சூரஜ்மல் விலகிச் சென்றிருந்தார். படையினரோடு வந்த திரளான மக்களும் பசியால் வாடினர். அக்குண்டு பாயுமுன்பே தோல்விக்குரிய காரணங்கள் பல திரண்டிருந்தன. இவற்றுள் எதனை விலக்குவது? மேலும், தவற்றை முற்றிலும் நீக்கிவிட்டால், அதனை நீக்கப் புறப்பட்ட பயணத்திற்கே காரணம் அற்றுப்போகுமே!

இக்கதையைப் படித்து முடித்த இரவு என் மகள் வினவினாள்: “அப்பா, உங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் எந்த நாளுக்குப் போவீர்கள்?”

என் உள்ளம் உடனே ஒரு நாளைச் சுட்டியது. நா எழவில்லை. 2003ஆம் ஆண்டு, துறைத் தேர்வுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், தந்தையாருக்கு உடல்நலம் குன்றியதாக ஊரிலிருந்து அன்னையார் தொலைபேசியில் தெரிவித்தார். ‘தேர்வை எழுதிவிட்டே வரட்டும்’ என்று தந்தையார் கூறினாராம். அச்சொல்லை நான் வசதியாகப் பற்றிக்கொண்டேன். தேர்வெழுதி, இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் கழித்து ஊர் சேர்ந்தபோது, வாயிலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

தேர்வில் தேறினேன், தலைநகரில் நிலைத்தேன், இங்குள்ள தமிழ்க் குடும்பமொன்றில் பெண்ணெடுத்தேன். அன்றே புறப்பட்டிருந்தால், நோயுற்றவரை விட்டு வர மனமின்றி ஊரிலேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருப்பேன். அவ்வினாவை எழுப்பிய மகள் பிறந்திருக்கவே மாட்டாள். அந்நாளைத் திருத்துவேன் என்று அவள் முகம் நோக்கி எங்ஙனம் கூறுவது?

அங்ஙனமாயின் நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று அமைதியடையலாமா? அதுவும் நேர்மையன்று. சிலப்பதிகாரத்தை எண்ணுக. அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துக்கள், கோவலன் கொணர்ந்த சிலம்பில் உள்ளவை மாணிக்கங்கள் என்பதைக் காலப் பயணி ஒருவன் பாண்டியன் செவியில் முன்னரே ஓதியிருந்தால், நமக்கு அக்காப்பியம் இல்லை. அதற்காகக் கோவலன் கொலையுண்டது நன்றே என்று கூற எவர் துணிவர்? பின்னர் விளைந்த நன்மை முன்னர் நேர்ந்த தவற்றைத் தவறில்லையென ஆக்கிவிடாது. பாண்டியன் அவ்வாறு சமாதானம் தேடவில்லை. தன் தவறு தெளிந்த கணமே உயிர் துறந்தான்.

அலுவலகக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிப்பவன் நான். கோப்பில் பதிவாகிவிட்ட குறிப்பை அழித்தலோ, அதன்மேல் தாள் ஒட்டி மறைத்தலோ முறையன்று. பிழையெனக் கண்டால், அதன் கீழே புதிய குறிப்பெழுதிக் கையொப்பமிட வேண்டும். காகிதக் கோப்பு கணினிக் கோப்பாகிய பின்னரும் இம்முறை மாறவில்லை. பழைய பிழையும் நிற்கும். அதனை உணர்ந்தவன் எழுதிய குறிப்பும் நிற்கும். வாழ்க்கை நமக்கு அளித்துள்ள உரிமையும் இவ்வளவே எனத் தோன்றுகிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார் அன்றோ?

என் மகளுக்கு அன்று விடை கூறாதவன், மறுநாள் அந்த 2003ஆம் ஆண்டுக் கதையை ஒளிவின்றிக் கூறினேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, ஊரிலுள்ள பாட்டியை அழைத்துப் பேசினாள். இப்போதெல்லாம் அன்னையார் தொலைபேசியில் ‘ஒன்றுமில்லை, சற்றே அசதி’ என்று கூறினாலும், அன்றைக்கே விடுப்பு விண்ணப்பத்தை எழுதிவிடுகிறேன். ‘வேலையை முடித்துக்கொண்டே வா’ என்று அவரும் கூறத்தான் செய்கிறார். அச்சொல்லை மட்டும் நான் கேட்பதில்லை.